இரண்டு இருக்கை வண்டி

என் பழைய வண்டியை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டு வேறு வாங்குவதா என்ற கேள்வி மூன்று வருடமாக என் மேசையில் கிடந்தது. முப்பத்தொன்பது வருடம் புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பிரெஞ்சில் எழுதிய பழைய பத்திரங்களைப் படித்துக் குறிப்பு எழுதுவது என் வேலை. எத்தனையோ பேருடைய கோப்புகளை நகர்த்தியிருக்கிறேன். என் சொந்தக் கோப்பு மட்டும் நகரவில்லை.

முதலில் அது என்ன வண்டி என்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலேயே குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்ட, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையைத் திறந்து மடக்கிவைக்கக்கூடிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 2000ஆம் ஆண்டு பதிவு. உடம்பு கண்ணாடி இழை. உள்ளே இருப்பது பிரெஞ்சு இன்ஜின், சுமார் 1150 சிசி, அறுபது குதிரை சக்தி. பெயரைச் சொல்லப்போவதில்லை. இருபத்தைந்து வருடம் கடற்காற்றில் நின்ற வண்டி மக்கர் செய்தால், அதற்குச் செய்தவனைக் குறை சொல்வது நியாயமில்லை. எனக்கும் கூடத்தான் முட்டி மக்கர் செய்கிறது.

எனக்கு ஏன் இப்படி ஒரு ஆசை வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். எங்கள் காலத்துப் பிரெஞ்சுப் படிப்புதான் காரணம். 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பதினோரு வயது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். பட்டாளத்தில் இருந்த என் பெரியப்பா எழுதிக்கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. பெரியப்பா குடும்பம் பிரான்சுக்குப் போனது, நாங்கள் முத்தியால்பேட்டையிலேயே இருந்தோம். ஆனால் நான் படித்தது கடைசிவரை பிரெஞ்சில்தான்.

வேலைக்குச் சேர்ந்த மறு வருடம், 1973. அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகத்தில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பனி மூடிய மலைப்பாதையில் ஒரு குட்டி நீல நிறக் கார், பின்சக்கரம் சறுக்கத் திரும்பிக்கொண்டிருந்தது. அல்பீன் ஏ110. அந்த வருடம் மோந்தே கார்லோ ராலியில் முதல் மூன்று இடங்களும் அந்த வண்டிக்குத்தான். முதல் உலக ராலி சாம்பியன் பட்டமும் அந்த வருடம் அதற்கே போனது. தியெப் என்ற சிறு துறைமுக ஊரில் ழான் ரெதெலே என்பவர் தொடங்கிய நிறுவனம் அது. கண்ணாடி இழை உடம்பு, ரெனோ இன்ஜின். பெரிய கம்பெனிகளின் பெரிய கார்களை இந்தப் பூச்சி முந்திவிட்டது. அலுவலகத்துக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்த இருபத்திரண்டு வயது குமாஸ்தாவுக்கு அது போதாதா?

அந்த ஆசை முப்பத்தெட்டு வருடம் உறங்கியது. 2011இல் ஓய்வுபெற்றேன். பணிக்கொடை வந்த மாதம், ஒருவர் தன் இரண்டு இருக்கை வண்டியை விற்கப்போவதாகக் காதில் விழுந்தது. கண்ணாடி இழை உடம்பு, பிரெஞ்சு இன்ஜின் என்றதும் மேலே எதுவும் கேட்கவில்லை. 1,85,000 ரூபாய். நிறம் நீலமில்லை, சிவப்பு. பரவாயில்லை என்றேன்.

பழைய வண்டியை ஆங்கிலத்தில் செகண்ட் ஹேண்ட் என்கிறோம், இரண்டாவது கை. பிரெஞ்சில் அதற்கு ‘வுவாத்யூர் தொக்காசியோன்’ என்று பெயர். ஒக்காசியோன் என்றால் வாய்ப்பு, நல்ல சந்தர்ப்பம். அந்த ஒரு சொல்லில்தான் நான் ஏமாந்தேன் என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

முதல் ஐந்தாறு வருடம் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கூரையைத் திறந்துவிட்டுக் காலாப்பட்டு வரை போய்த் திரும்புவோம். அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். தரையோடு தரையாக உட்கார்ந்து போவதால் நாற்பது கிலோமீட்டர் வேகமே எண்பது போலத் தெரியும். டீக்கடையில் நிறுத்தினால் பையன்கள் சூழ்ந்துகொள்வார்கள். “தாத்தா, இது எவ்ளோ போகும்?” என்பான் ஒருவன். “நான் போற அளவு போகும்” என்பேன்.

பிறகு பழுதுகள் ஆரம்பித்தன. கண்ணாடி இழைக்குத் துரு இல்லை, ஆனால் அடியிலிருக்கும் இரும்புச் சட்டத்துக்கு உண்டு. கூரைத் துணியின் ஓரம் சுருங்கி மழை உள்ளே வந்தது. ரப்பர் குழாய்கள் காய்ந்து வெடித்தன. இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை என்று வில்லியனூர் சாலையில் பட்டறை வைத்திருக்கும் பாய் எல்லாக் குழாய்களையும் மாற்றினார். இன்ஜின் மட்டும் ஒரு நாளும் ஏமாற்றவில்லை. அதைச் சுற்றியிருந்தவைதான் ஏமாற்றின.

அதில் மோசமானது ஒரு சின்ன சென்சார். இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே, சுழலும் சக்கரத்தின் பல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிஸ்டன் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. அது சொல்லாவிட்டால் பொறியும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. சூடானால் உள்ளிருக்கும் கம்பிச் சுருள் தொடர்பு விட்டுப்போகும், வண்டி நட்டநடு ரோட்டில் நிற்கும். அரை மணி ஆறினால் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். பட்டறைக்குப் போனால் நோய் தெரியாது. டாக்டர் முன்னால் இருமாத நோயாளி மாதிரி.

2019இல் இதைக் கண்டுபிடித்தோம். சார்செல்லில் இருக்கும் பெரியப்பா பேரன் ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். அட்டையில் ‘கப்த்தேர் பே எம் ஆஷ்’ என்று போட்டிருந்தது. பாய் என்னிடம் நீட்டி, “இது என்ன சார் எழுதியிருக்கு?” என்றார். “புவேன் மோர் ஓ. மேலே இருக்கிற செத்த புள்ளி” என்றேன். பிஸ்டன் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கும் இடத்துக்கு அதுதான் பெயர். பாய் சிரித்துவிட்டு, “நம்ம வண்டி எல்லா எடத்துலயும் அப்படித்தான் சார் நிக்குது” என்றார்.

அதன் பிறகும் பிடிவாதமாக வைத்துக்கொண்டிருந்தேன். செலவைப் பற்றி யாராவது பேசினால் கோபம் வரும். ‘எனக்குத்தானே தொல்லை? உங்களுக்கென்ன?’ என்பேன். அப்படித்தான் நிஜமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2025 ஜூன் மாதம். மரக்காணத்தில் பழைய அலுவலக நண்பர் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. மனைவிக்கு ஒரு முட்டியில் அறுவை சிகிச்சை ஆகி இரண்டு வருடம் ஆகிறது. அந்தத் தாழ்ந்த இருக்கையில் இறங்கி ஏற அவளால் முடியாது. “நீங்க போயிட்டு வாங்க” என்றாள். இரவு சாப்பாடு முடிந்து எட்டேகாலுக்குக் கிளம்பினேன். வீட்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

உப்பளங்களைத் தாண்டும்போது வண்டி நின்றது.

இரண்டு பக்கமும் தண்ணீர், இருட்டு, உப்பு வாடை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துகள் என்னை உரசிக்கொண்டு போயின. கைப்பேசியில் நாலு சதவீதம் சார்ஜ் இருந்தது. அந்த நாலு சதவீதத்தில் வீட்டுக்குப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அரை மணியில் ஸ்டார்ட் ஆகிவிடும், எதற்கு அவளைப் பயமுறுத்துவது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. “நான் அப்பவே சொன்னேனே” என்று அவள் சொல்வதைக் கேட்க எனக்கு மனமில்லை. வெளிச்சத்துக்காகக் கைப்பேசியின் விளக்கைப் போட்டேன். அதோடு அது செத்தது.

நாற்பது நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது. ஆறு கிலோமீட்டர் ஓடி நின்றது. மறுபடி ஆறவைத்து, மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தி, வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் கவனித்தேன். வெளியே போகும்போது கட்டுகிற பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள். மடியில் கைப்பை.

“எங்கே கிளம்பிட்டே இந்த நேரத்துல?” என்றேன்.

“எங்கியும் இல்ல. யாராவது கூப்பிட்டா போகணுமே” என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. நண்பர் வீட்டுக்கு ஒன்பதரைக்கே பேசியிருக்கிறாள். எட்டேகாலுக்கே கிளம்பிவிட்டார் என்றிருக்கிறார்கள். என் எண்ணுக்கு அடித்தால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று வந்திருக்கிறது. சென்னையில் இருக்கும் மூத்தவனிடம் சொன்னால் அவன் ராத்திரியில் வண்டியை எடுத்துக்கொண்டு இதே ரோட்டில் கிளம்பி வருவான் என்று அவனிடமும் சொல்லவில்லை. போலீசோ ஆஸ்பத்திரியோ கூப்பிட்டால், புடவை மாற்ற நேரம் ஆகக் கூடாது என்று மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடவில்லை. சாப்பாட்டோடு போடவேண்டிய சர்க்கரை மாத்திரையும் போடவில்லை.

அந்த நேரத்தில் தோசை வார்த்துக் கொடுத்தேன். இரண்டு சாப்பிட்டாள். வண்டியைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

மறுநாள் பாய் வந்து பார்த்தார். சென்சார் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் போகும் வயரின் மேலுறை வெந்து வெடித்திருந்தது. வயர், பிளக், கூலி எல்லாம் சேர்த்து 350 ரூபாய். “இனிமே ஓடும் சார். எத்தனை நாளுன்னு மட்டும் கேக்காதீங்க” என்றார்.

350 ரூபாய்க்கு அவள் நாலு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குத்தான் கோப்பைத் திறந்தேன். நிஜமாகவே ஒரு கோப்பு. பழைய பழக்கம், பக்க எண் போட்டு எழுதினேன். கடைசி மூன்று வருடத்துப் பற்றுச்சீட்டுகளைக் கூட்டினால் 1,38,400 ரூபாய். அதே மூன்று வருடத்தில் ஓடியது 1,900 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு எழுபத்திரண்டு ரூபாய் சொச்சம், பெட்ரோல் தனி. கட்டியிழுத்து வந்தது ஏழு முறை. பட்டறையில் நின்ற நாட்கள் இருநூற்றுப் பதினொன்று.

இதோடு இன்னொன்று. சொந்தக் காருக்கு முதல் பதிவு பதினைந்து வருடம் செல்லும். பிறகு ஐந்து ஐந்து வருடமாகத் தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். என் வண்டிக்கு 2025 நவம்பரில் தவணை. புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது. டில்லியில் பதினைந்து வருடம் ஆன பெட்ரோல் கார்களைத் தடுத்தது போல இங்கே தடை ஏதும் இல்லை. ஆனால் ‘வைத்துக்கொள், விலை கொடு’ என்று சொல்கிறார்கள். அதில் தப்பில்லை.

மூன்று வழிகளை எழுதினேன். ஒன்று, பதிவைப் புதுப்பித்து, வயர்களை முழுவதும் மாற்றி, வைத்துக்கொள்வது. பாய் போட்ட கணக்கு அறுபதாயிரம். இரண்டு, இதைக் கொடுத்துவிட்டு இதே மாதிரி நல்லதாக ஒன்று வாங்குவது. இந்த ஊரில் ஓய்வூதியக்காரன் விலைக்கு அப்படி ஒரு வண்டியை இப்போது யாரும் செய்வதில்லை. வெளிநாட்டு வண்டி என்றால் வீட்டை விற்க வேண்டும். மூன்று, ஒரு சாதாரணப் பழைய கார்.

கணக்கை மட்டும் பார்த்தால் மூன்றாவதுதான். ஆனால் கணக்கு எனக்கு முன்பே தெரியும். ஆசைக்குச் செலவு செய்வது பாவமில்லை. நான் சிகரெட் பிடித்ததில்லை, சீட்டாடியதில்லை. 1,38,400 ரூபாயை என் மனம் எப்படியாவது நியாயப்படுத்திவிடும். அந்தப் பச்சைப் புடவையை எந்தப் பத்தியில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

வண்டி பழுதாகி நிற்பதைப் பிரெஞ்சில் ‘தோம்பே ஆன் பான்’ என்பார்கள். பழுதில் விழுவது என்று பொருள். நான் விழுந்தபோதெல்லாம் எனக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். வண்டி நின்றிருக்கிறது, நான் சுகமாக இருக்கிறேன், சற்று ஆறினால் கிளம்பும். சொல்லப்போனால் அதில் ஒரு சாகசம்கூட இருந்தது, மறுநாள் நண்பர்களிடம் சொல்ல ஒரு கதை. வீட்டில் இருந்தவளுக்கு இதில் எதுவும் தெரியாது. மணி மட்டும்தான் தெரியும். நம்ப முடியாத வண்டியின் தொல்லை ஓட்டுகிறவனுக்கு என்றே பதினான்கு வருடம் நினைத்துவிட்டேன். அதில் பெரும்பங்கை வாசலில் உட்கார்ந்தவள் சுமந்திருக்கிறாள். அவளுக்கு அந்த வண்டியில் உட்கார இடம்கூட இல்லாமல் போன பிறகும் சுமந்திருக்கிறாள்.

எங்கள் அலுவலகத்தில் அதிகாரிக்கு முடிவெடுக்க மனமில்லை என்றால் கோப்பில் ‘பேசவும்’ என்று எழுதித் திருப்பிவிடுவார். நானும் போய்ப் பேசினேன்.

“வண்டிய வித்துடலாமா?” என்றேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “நான் விக்கச் சொல்லலையே” என்றாள். சற்று நேரம் கழித்து, “எனக்கு எந்த வண்டியா இருந்தா என்ன? ஒன்பது மணிக்கு வரேன்னு சொன்னா ஒன்பது மணிக்கு வரணும். அவ்வளவுதான்” என்றாள்.

அப்பா ஆறு மாதத்தில் ஒரு நாட்டையே முடிவு செய்தார். எனக்கு ஒரு கார் விஷயத்தில் மூன்று வருடமும் ஒரு ராத்திரியும் தேவைப்பட்டன. கோப்பில் ‘மூன்றாவது வழி ஏற்கப்பட்டது’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

வாங்க வந்தவர் கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயதுக்குள். இந்த மாதிரி வண்டிகளைத் தேடிப்பிடித்துச் சரிசெய்கிற பைத்தியம். அவரிடம் இரண்டு தாள்கள் கொடுத்தேன். இதுவரை மாற்றியது என்ன, இன்னும் மாற்ற வேண்டியது என்ன, எந்தச் சாமான் எங்கே கிடைக்கும், எல்லாம் வரிசை எண்ணோடு. படித்துவிட்டு, “சார், விக்கிறவங்க யாரும் இப்படி எழுதித் தரமாட்டாங்க” என்றார். “கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்டேன். இல்லை என்றார். சரி, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்தார், நான் எதற்குக் கேட்டேன் என்று சொல்லவில்லை.

1,20,000 ரூபாய். படிவம் 28, 29, 30 எல்லாவற்றையும் நானே நிரப்பினேன். மாநிலம் மாறுகிறதல்லவா, தடையில்லாச் சான்று வேண்டும். உபரியாக வைத்திருந்த ஒரு சென்சார், அந்தப் பிரெஞ்சு அட்டைப்பெட்டியோடு, முன்னிருக்கையில் வைத்துக் கொடுத்தேன். வண்டியை லாரியில் ஏற்றும்போது உள்ளே போய்விட்டேன். பார்க்க முடியவில்லை. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

இப்போது இருப்பது ஆறு வருடப் பழைய வெள்ளைக் கார். கியர் தானாக மாறும். இருக்கை உயரம், அவள் நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்துவிடுகிறாள். டீக்கடையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான்கூட ஒருநாள் கோவில் வாசலில் அடையாளம் தெரியாமல் வேறொரு வெள்ளைக் காரைத் திறக்கப் பார்த்தேன்.

போன வாரம் மரக்காணத்து நண்பரைப் பார்க்க இரண்டு பேருமாகப் போனோம். திரும்பும்போது இருட்டிவிட்டது. உப்பளம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, “இங்கதான் நின்னேன் அன்னிக்கு” என்றேன். கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தாள். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“இவ்வளவு இருட்டா?” என்றாள். பிறகு, “நீங்களும் பயந்துட்டுதான் இருந்திருப்பீங்க” என்றாள்.

ஆமாம் என்றேன். அதை அன்றைக்கு நான் அவளிடம் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.